கணக்கில் ஏறாத காகிதக் கட்டு

இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" (1986) கேட்டவர்களுக்கு பாக் என்ற பெயர் புதிதில்லை. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு உருப்படியே அதில் உண்டு. பாக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு ஆள்தான். ஜோஹன் செபாஸ்டியன் பாக் (1685 - 1750). ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் துரிங்கியா பக்கம் போய் "பாக் இருக்காரா?" என்று கேட்டிருந்தால், "எந்த பாக்?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு பாக். எர்ஃபுர்ட் நகரத்தில் ஊர் வாத்தியக்காரர்களுக்கே "பாக்குகள்" என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர்கூட அங்கே இல்லாமல் போன பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

இந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த ஒரு கையெழுத்துக் கட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதன் பெயர் "ஆல்ட்பாக்கிஷஸ் ஆர்க்கீவ்". தமிழில் "பழைய பாக் ஆவணம்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு காமர்ஸ் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இது சொத்து, வாரிசு, மதிப்பீடு எல்லாம் கலந்த கதை. கடைசிவரை படித்தால் புரியும்.

ஊர் வாத்தியக்காரர் என்றால் யார்?

அந்தக் காலத்து ஜெர்மன் நகரங்களில் நகர சபை சம்பளம் கொடுத்து வாத்தியக்காரர்களை வைத்திருந்தது. ஷ்டாட்ஃபைஃபர் என்பார்கள். நகர மண்டபத்து மாடத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ தினமும் குறித்த நேரத்தில் ஊதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிக்கவேண்டும். ஊரில் கல்யாணம், விருந்து என்றால் அங்கேயும் இவர்கள்தான். ஒரே ஆள் ட்ரம்பெட்டும் ஊதுவார், வயலினும் வாசிப்பார். தொழில் கற்க வரும் பையன்கள் குருவின் வீட்டிலேயே தங்கி, சில வருடம் எடுபிடி வேலையும் பார்த்துக்கொண்டு வாசிக்கக் கற்றார்கள். தச்சர், கொல்லர் மாதிரி இதுவும் ஒரு கைத்தொழில்.

சம்பளம் குறைவு. உண்மையான வருமானம் கல்யாண வீட்டிலும் விசேஷ வீட்டிலும் கிடைக்கும் கூலிதான். அதனால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அனுமதி இல்லாமல் குறைந்த கூலிக்கு வாசிக்கிறவர்களை "பீர் பிடில்காரர்கள்" என்று இளக்காரமாகச் சொல்லி நகர சபையில் புகார் கொடுப்பார்கள். அரச குடும்பத்தில் யாராவது இறந்தால் துக்கக் காலம் முழுக்க இசைக்குத் தடை. இவர்கள் வீட்டு அடுப்புக்கும் அதே தடைதான்!

செபாஸ்டியன் பாக்கின் அப்பா ஜோஹன் ஆம்ப்ரோசியஸ் (1645 - 1695) இப்படிப்பட்ட ஊர் வாத்தியக்காரர். 1671 முதல் ஐசனாக் நகரத்தில் வேலை. 1684ல் எர்ஃபுர்ட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டபோது ஐசனாக் சபை விடவில்லை. நல்ல வேலைக்காரருக்குக் கிடைத்த தண்டனை.

பிற்காலத்தில் பெரிய பதவிக்கு வந்த செபாஸ்டியனுக்கும் இந்தக் கூலிக் கணக்கு விடவில்லை. லைப்சிக்கில் இருந்தபோது 1730ல் பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். வருமானம் சுமார் 700 தாலர், ஊரில் சாவு அதிகமானால் கொஞ்சம் கூடும், காற்று நன்றாக இருந்து ஜனங்கள் ஆரோக்கியமாக இருந்துவிட்டால் குறைந்துவிடும், போன வருடம் அப்படி 100 தாலருக்கு மேல் போய்விட்டது என்று புலம்புகிறார். "மேதை" என்ற படத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் நம்ம ஊர் மனுஷன்தான்.

கட்டு எப்படிச் சேர்ந்தது?

1735ல், அதாவது தன் 50ஆவது வயதில், செபாஸ்டியன் ஒரு வேலை செய்தார். தன் குடும்பத்து இசைக்காரர்களின் வம்சாவளியை எழுதினார். மொத்தம் 53 பேர். முதல் ஆள் வைட் பாக், ரொட்டி சுடுகிறவர். மதப் பிரச்னையால் ஹங்கேரியை விட்டு துரிங்கியாவுக்கு வந்தவர். மாவு மில்லுக்குப் போகும்போது சிட்டர்ன் என்ற சின்னத் தந்தி வாத்தியத்தையும் எடுத்துப்போய், மில் ஓடும் சத்தத்துக்கு நடுவே வாசிப்பாராம். தாளம் தவறாமல் வாசிக்க அங்கேதான் கற்றிருப்பார் என்று கொள்ளுப்பேரனுக்கும் மகனான செபாஸ்டியன் கிண்டலாகச் சொல்கிறார்.

வம்சாவளி எழுதினால் மட்டும் போதுமா? அந்த ஆட்கள் போட்ட இசையும் வேண்டுமே. முந்தின தலைமுறைகளின் கையெழுத்துப் பிரதிகளையும் அவர் சேர்த்து வைத்திருந்தார். சுமார் 20 படைப்புகள். எல்லாமே பாடல் இசை. காகிதங்களில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டினுடையது, கட்டாக நின்றது 18ஆம் நூற்றாண்டில்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எர்ஃபுர்ட்டின் ஜோஹன் பாக் (1604 - 1673), தாத்தாவின் அண்ணன்.

கேரன் ஊரின் ஜோஹன் மிஷாயல் (1648 - 1694). இவர் மகள் மரியா பார்பராதான் செபாஸ்டியனின் முதல் மனைவி.

பெரியப்பா கேயோர்க் கிறிஸ்டோஃப் (1642 - 1697). இவருக்கு இரண்டு தம்பிகள், இருவரும் இரட்டையர். அவர்களில் ஒருவர்தான் ஆம்ப்ரோசியஸ். இரட்டையர் இருவரும் உருவத்தில் அவ்வளவு ஒற்றுமை, சொந்த மனைவிகளுக்கே அடையாளம் தெரியாதாம். 1689ல் அண்ணனின் பிறந்தநாளுக்குத் தம்பிகள் இருவரும் அவர் ஊருக்கு வந்தபோது, சகோதரர் ஒற்றுமையைப் பற்றிய சங்கீதத்தை எடுத்து மூன்று ஆண் குரல்களுக்கு இசையமைத்தார். மூன்று குரல், மூன்று சகோதரர்கள். ஒரு குடும்ப போட்டோ மாதிரி.

எல்லாரையும் விடப் பெரியவர் ஐசனாக்கின் ஜோஹன் கிறிஸ்டோஃப் (1642 - 1703). தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர், செபாஸ்டியனின் சின்ன வயதில் அதே ஊரில் இருந்தவர். வானத்தில் தேவதூதர்களுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் போரைப் பற்றி இவர் 22 பகுதிகளுக்கு எழுதிய ஒரு படைப்பு இந்தக் கட்டில் உண்டு. ட்ரம்பெட்டும் முரசுமாக உண்மையாகவே போர்க்களம். செபாஸ்டியன் இதை லைப்சிக் தேவாலயத்தில் வாசிக்க வைத்தபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள் என்று அவர் மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இவருடைய கல்யாணக் கதம்பம் ஒன்றும் கட்டில் இருக்கிறது. அதைப் பிரதி எடுத்தது ஆம்ப்ரோசியஸ். பத்து வயதில் அப்பா அம்மா இருவரையும் இழந்து நின்ற பிள்ளைக்கு அப்பாவின் கையெழுத்தில் ஒரு காகிதம் என்றால் அது வெறும் இசைக் குறிப்பா?

பிரதி எடுப்பது அந்தக் குடும்பத்தில் படிப்பின் பாதி. அநாதையான செபாஸ்டியனை ஊர்ட்ரூஃப் ஊரில் இருந்த அண்ணன் வளர்த்தார். அண்ணன் பூட்டி வைத்திருந்த ஒரு இசைப் புத்தகத்தைக் கம்பிக் கதவு வழியாக உருவி, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதமாகத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தார் என்ற கதை 1754ல் வெளியான இரங்கல் குறிப்பிலேயே வருகிறது. அண்ணன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டாராம். அச்சில் வந்த இசை விலை அதிகம், அதுவும் எல்லாம் அச்சில் வராது. கையால் எழுதி வைத்திருப்பதுதான் ஒரு இசைக்காரனின் மூலதனம். அண்ணன் பூட்டி வைத்ததில் கஞ்சத்தனம் மட்டும் இல்லை, தொழில் ரகசியமும் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சொத்துப் பட்டியல்

1750 ஜூலை 28ல் செபாஸ்டியன் இறந்தார். வாரிசுகளுக்குப் பிரிக்க ஒரு சொத்துப் பட்டியல் தயாரானது. அதில் ஒரு சுரங்கத்தின் பங்கு இருக்கிறது, மதிப்பு 60 தாலர். வெள்ளிச் சாமான், காபிக் கூஜா, கீபோர்டு வாத்தியங்கள், வயலின்கள், மத நூல்கள் எல்லாம் விலை போட்டு எழுதியிருக்கிறது. மொத்தம் 1,100 தாலருக்கு மேல்.

இசைக் கையெழுத்துப் பிரதிகள்? ஒரு வரிகூட இல்லை. அவற்றைப் பட்டியலுக்கு முன்பே மகன்கள் பிரித்துக்கொண்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம்.

காபிக் கூஜாவுக்கு விலை உண்டு, இசைக்கு இல்லை! புத்தகத்தில் "கண்ணுக்குத் தெரியாத சொத்து" என்று ஒரு அத்தியாயமே படிக்கிறோம். அதை யாராவது விலை கொடுத்து வாங்கினால்தான் கணக்கில் ஏறும், வீட்டிலேயே உருவானதைச் சுலபத்தில் ஏற்றமுடியாது என்று வகுப்பில் சொல்லும்போது அது வெறும் விதி. இங்கே அதுவே ஒரு குடும்பத்தின் கதை. மனைவி ஆனா மக்டலேனா 1760ல் தர்மப் பணத்தில் வாழும் விதவையாக இறந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் இன்னும் வலிக்கிறது.

எந்தப் பிள்ளை கைக்குப் போனது என்பதுதான் மீதிக் கதையைத் தீர்மானித்தது. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமன் தன் பங்கை வறுமையில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பசிக்கிறவனிடம் போய் பாரம்பரியம் பேசமுடியாது. இரண்டாவது மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் நிலையான வேலையில் இருந்தவர், காகிதம் பாதுகாப்பதில் கெட்டிக்காரர். பழைய பாக் கட்டு அவரிடம் போனது. அவர் 1788ல் இறந்த பிறகு 1790ல் அச்சான அவருடைய சொத்து விவரப் பட்டியலில் இந்தக் கட்டுக்குத் தனித் தலைப்பே இருக்கிறது. அப்பாவின் பட்டியலில் இடமே இல்லாதது, 40 வருடத்தில் மகனின் பட்டியலில் பெயரோடு ஏறிவிட்டது.

பெர்லினிலிருந்து கீவுக்கு

கார்ல் ஃபிலிப்பின் மகள் 1804ல் இறந்த பிறகு மிச்சம் இருந்தவை ஏலத்துக்கு வந்தன. சேகரிப்பாளர்கள் வழியாகப் பழைய பாக் கட்டு பெர்லினின் ஸிங் அகாடமி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இது 1791ல் தொடங்கிய ஒரு பாடகர் சங்கம். 1829ல் மெண்டல்சன் பாக்கின் "மத்தேயு பாடு" இசையை மறுபடி உலகத்துக்குக் காட்டியது இந்தச் சங்கத்தை வைத்துத்தான். 1935ல் மாக்ஸ் ஷ்னைடர் என்ற அறிஞர் கட்டில் இருந்ததை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். அவர் அதைச் செய்தது எவ்வளவு நல்லது என்று அடுத்த பத்து வருடத்தில் தெரிந்தது.

இரண்டாம் உலகப்போரில் பெர்லின் மீது குண்டு விழ ஆரம்பித்ததும், 1943ல் ஸிங் அகாடமியின் நூலகத்தைப் பெட்டி பெட்டியாக சிலேசியாவில் ஒரு கோட்டைக்கு அனுப்பினார்கள். 1945ல் சோவியத் படை வந்தது. பெட்டிகள் மாயம். 50 வருடத்துக்கு மேல் இசை உலகம் "போயே போச்சு" என்று நினைத்தது. அச்சில் இருந்த இரண்டு தொகுதிகளை வைத்துத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

1999ல் ஹார்வர்டின் கிறிஸ்டோஃப் வோல்ஃப், ஆவண ஆய்வாளர் பட்ரீஷியா கிரிம்ஸ்டெட், உக்ரைனைச் சேர்ந்த ஹென்னாடி போரியாக் மூவருமாகத் தேடி, கீவ் நகரத்தில் ஒரு அரசு ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட பிரதிகள், பழைய பாக் கட்டு உட்பட. போர்க் கொள்ளையாகப் போனதுதான், ஆனால் கீவ் ஊழியர்கள் அதை ஒழுங்காகவே பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2001ல் உக்ரைன் அதை ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தது. இப்போது பெர்லின் அரசு நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. 2022ல் அதே கீவ் மீது ஏவுகணைகள் விழுந்தபோது எனக்கு அந்தக் காப்பகத்தில் இன்னும் இருக்கும் மற்ற பெட்டிகள் ஞாபகம் வந்தது. அவையும் யாரோ ஒருவர் வீட்டுக் காகிதங்கள்தானே.

கடைசியாக ஒரு விஷயம். அந்தக் கட்டில் ஐசனாக் ஜோஹன் கிறிஸ்டோஃபின் ஒரு மோட்டெட் இருக்கிறது, "அன்பான ஆண்டவரே, எங்களை எழுப்பும்" என்று தொடங்குவது. அதற்கு வாத்தியப் பகுதிகளைச் சேர்த்து செபாஸ்டியன் பிரதி எடுத்திருக்கிறார். கண் பார்வை மங்கி, கை நடுங்கும் கடைசிக் கால எழுத்து. தன் சொந்த இறுதிச் சடங்குக்காகவே தயார் செய்திருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அது ஊகம்தான். ஆனால் எழுத்து அவருடையது என்பது ஊகம் இல்லை. ஆயிரத்துக்கு மேல் படைப்புகள் செய்த மனுஷன் கடைசி நாட்களில் உட்கார்ந்து பிரதி எடுத்தது, 70 வருடத்துக்கும் முன்னால் ஒரு பெரியப்பா முறைக்காரர் எழுதிய பாட்டை.

பாக் வம்சத்தின் கடைசி இசைக்காரப் பேரன் 1845ல் இறந்தார். இசைத் தொழில் அந்த வீட்டில் அதோடு முடிந்தது. காகிதம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் நோட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். கிலோ கணக்கில் அதற்கு விலை கிடையாது.