செஞ்சிக்கு வடக்கிலிருந்து வந்தவன்

தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலுக்குச் சத்துருமல்லேசுவராலயம் என்று பெயர். சத்துருமல்லன் அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி என்று இன்னும் பல உண்டு. இங்கே ஒரு பெயரோடும், பக்கத்து மண்டகப்பட்டில் வேறொரு பெயரோடும் நிற்கிறான். கல்வெட்டு பெயரைச் சொல்கிறது, கோயில் எடுத்ததைச் சொல்கிறது, அதோடு முடிந்தது. சமணச் சார்பில் அப்பரை நீற்றறையில் அடைத்து, நஞ்சூட்டி, யானையை ஏவி, கல்லோடு கட்டிக் கடலில் எறியச் செய்து, பிறகு சைவனான பல்லவன் என்ற கதை முழு உருவம் பெற்றது சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்து, சேக்கிழார் கையில். திருச்சிக் கல்வெட்டில் அதற்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் உண்டு. தளவானூர்க்காரர்களோ சேக்கிழாருக்கும் காத்திருக்கவில்லை. குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்று தூக்கிப் பாண்டவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

பெயர் முதலில், பிறப்புக்கதை பிறகு. செஞ்சி வட்டாரத்தின் இன்னொரு நாயகனுக்கும் இப்படித்தான் நடந்ததா என்று பார்க்கக் கிளம்பியதுதான் இந்தத் தேடல். அவன் ராஜா தேசிங்கு. செஞ்சி, சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை. ராஜாராம் முகலாய முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கிய கோட்டை. ஆனால் தெருவில் பாடப்பட்டவன், ஓராண்டுகூட முழுதாக ஆளாத, இருபத்திரண்டு வயதில் செத்துப்போன ஒரு பையன். ஏன் இவன்?

இரண்டு சாட்சிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தேன். ஒன்று, பெரிய எழுத்துத் தேசிங்குராஜன் கதை என்ற பாட்டு. திருவிழாக் கடைகளில் விற்ற, மரச்செதுக்குப் படங்கள் போட்ட அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களை நம்முடைய காமிக்ஸுக்குத் தாத்தா என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மற்றொன்று, 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு. பாரசீக நூல்கள், ஆங்கிலக் கும்பினி ஆவணங்கள் எல்லாவற்றையும் அவர் சலித்திருக்கிறார்.

முடிவில் இரு சாட்சிகளும் அநேகமாக ஒத்துப்போகிறார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வருகிறான். 1714 அக்டோபர் 3ஆம் நாள் தேசிங்கு சில நூறு பேரோடு கோட்டையை விட்டு இறங்கி மோதி மடிகிறான். நண்பன் மகபத்கான் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டு வந்து உடன் சாகிறான். இளம் மனைவி தீப்பாய்கிறாள். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக வந்தது என்பது வழிவழிச் செய்தி.

தொடக்கத்துக்குப் போனால்தான் சாட்சிகள் முறைத்துக்கொள்கிறார்கள். பாட்டில், டெல்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத ஒரு தேவலோகக் குதிரை. அடக்கப் போன செஞ்சி மன்னன் தேரணிசிங்கு தோற்றுச் சிறைப்படுகிறான். செஞ்சியில் வளர்ந்த மகன் விவரம் தெரிந்ததும் டெல்லிக்குப் போய்க் குதிரையை அடக்கி, அப்பனை மீட்டு, பெண்ணையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். ஆவணத்திலோ அவன் தேஜ்சிங். அப்பன் சொரூப்சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவனாக வந்த புந்தேலா ராஜபுத்திரன். 1714இல் அவன் இறந்ததும், வாரிசுரிமை கோரிப் புந்தேல்கண்டிலிருந்து மகன் வந்து சேர்கிறான். நவாப் கேட்டது பல ஆண்டுத் திறைப் பாக்கி. பாதுஷா என் அப்பனுக்குக் கொடுத்த ஊர் இது, உனக்கு ஏன் கட்ட வேண்டும் என்பது பையனின் வாதம். வீரகாவியத்தின் அடியில் கிடப்பது ஒரு வரி வழக்கு.

வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. ஆவணத்துப் பையன் வடக்கிலிருந்து தெற்கே வருகிறான். பாட்டுப் பையன் தெற்கிலிருந்து வடக்கே போய்த் திரும்புகிறான். பாதை அதேதான், திசையைத்தான் மாற்றியிருக்கிறார்கள். வந்தேறியைச் செஞ்சியின் பிள்ளையாக்க இதைவிடச் சிக்கனமான வழி இருக்க முடியாது.

இந்த வேலையை உலகமே செய்திருக்கிறது. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்தபோது அவனுடைய பிறப்புக்கதை ஒரே பக்கம். ஏதோ ஒரு தூரத்துக் கோள். வழியில் போன காரோட்டி எடுத்து அநாதை இல்லத்தில் விடுகிறார், அவ்வளவுதான். கிரிப்டான் என்ற பெயரும் வளர்த்த கென்ட் தம்பதியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவர்கள். வேற்றுக்கோள் பிள்ளைக்கு வீடு தேவைப்பட்டது, பின்னாலிருந்து கட்டினார்கள். பேட்மேன் 1939 மே மாதம் அறிமுகம். கண்ணெதிரே பெற்றோர் சுடப்பட்ட கதை நவம்பரில்தான் வந்தது, அதுவும் இரண்டே பக்கம். ஆறு மாதம் வாசகர்கள் காரணம் தெரியாமலே ரசித்திருக்கிறார்கள். ஆளைப் பிடித்துப்போன பிறகுதான் ‘ஏன்’ என்ற கேள்வி எழுகிறது. முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் விளக்கிவிடும் நாயகர்கள் என்னை ஒருபோதும் ஈர்த்ததில்லை.

நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட இரும்புக்கை மாயாவியை விட முடியுமா? 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில், ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோவின் கோடுகளில் பிறந்தவன். 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தான். ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்தியவன், மின்சாரம் பாய்ந்ததும் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது. முதல் கதையில் அவன் நல்லவன்கூட இல்லை; கிடைத்த சக்தியில் புத்தி பிசகி நியூயார்க்கையே மிரட்டுகிறான். சக்தி வருவதற்கு ஒரு விபத்து போதும்; நாயகனாவதற்கு அது போதாது. அதே 1962இல் வந்த ஸ்பைடர்மேனிலும் சிலந்திக்கடி பலத்தைத்தான் தந்தது. தப்பவிட்ட திருடன் கையில் பெரியப்பா செத்தபிறகுதான் பையன் கடமை என்று கிளம்புகிறான்.

தேசிங்கு பாட்டைக் கட்டியவருக்கும் இது தெரிந்திருக்கிறது. குதிரை மட்டும் இருந்தால் அவன் வெறும் சவாரிக்காரன். அதனால்தான் சிறையில் ஓர் அப்பன். அந்தச் சிறை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, ஆங்கிலேயர் ஆவணங்களில் ஒரு செஞ்சிச் சிறை அகப்பட்டது. 1710 வாக்கில் கடலூர்ப் புனித டேவிட் கோட்டை ஆங்கிலேயரோடு சொரூப்சிங்குக்குப் பகை முற்றி, அவர்களுடைய அதிகாரிகள் இருவரைப் பிடித்துச் செஞ்சிக்குக் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள். சிறைவைத்த அப்பன் பாட்டில் சிறைப்பட்ட அப்பனாகியிருக்கிறான். பாடினவருக்கு அந்தச் செய்தி தெரியும் என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை, அதனால் இதைத் தடயமாக மட்டும் வைக்கிறேன். ஆனால் திறைப் பாக்கி பாட்டில் என்ன ஆனது என்பது தெளிவு. அப்பன் விட்டுப்போன ரூபாய்க் கணக்கு, அப்பனை மீட்கும் மகன் கணக்காக மாறியிருக்கிறது. பாக்கிக்காகச் சாகிறவனுக்கு யாரும் ஒப்பாரி வைக்கமாட்டார்கள்.

வென்ற தரப்பிலும் எழுத ஆள் இருந்தது. சாதத்துல்லா கானைப் போற்றி ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் சயீத் நாமா எழுதினார். சீனிவாசாச்சாரி போன்றோர் அதைப் புரட்டியிருக்கிறார்கள். செஞ்சிச் சந்தையில் அதைப் பெரிய எழுத்தில் யாரும் அச்சடித்து விற்கவில்லை.