பழனி மலையின் கோடை மழை

கோடைக்கானலின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள், முதல் பங்களா எந்த ஆண்டில் எழும்பிற்று, ஏரிக்கு அணை கட்டியவர் யார், சாலை எப்போது வந்தது என்னும் விவரங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அவை யாவும் அறியத்தக்க செய்திகளே. ஆயினும் அந்தப் பங்களாக்களையும் ஏரியையும் சாலையையும் வரவழைத்த மூலகாரணம், பங்குனி பிறந்து வைகாசி முடியும் வரையில் பழனி மலையின் மேல் நிலவும் சீதோஷ்ணமும், அக்காலத்துப் பிற்பகல்களில் திரண்டு பொழியும் இடிமழையுமே என்பது என் அபிப்பிராயம்.

மதுரை நகரம் சித்திரை வெயிலில் 37, 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தகிக்கும் அதே நாட்களில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடைக்கானலில் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிர்வது காற்றின் இயல்பு. எஞ்சிய குளிர்ச்சியில் மேகத்துக்கும் பங்குண்டு. காலையில் வானம் பெரும்பாலும் நிர்மலமாக இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடேறி, ஈரத்தைச் சுமந்த காற்று பள்ளத்தாக்குகளின் வழியே மேலெழுந்து, உச்சியை நெருங்குகையில் குளிர்ந்து, நண்பகலுக்குள் மேகமாகத் திரண்டு, இடியோடும் சில வேளைகளில் ஆலங்கட்டியோடும் பொழிந்து, அந்தி சாய்வதற்குள் ஓய்ந்துவிடுவதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் பெருமழையை மேற்கே நிற்கும் மலைகள் பெரிதும் தடுத்துக்கொள்வதால், ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெறும் இவ்வூரில் ஐப்பசி மழையே தலையாயது. என்றாலும் மே மாதத்து இடிமழை ஜூன் மாதத்து மழையை விஞ்சி நிற்பது இந்தப் பிரதேசத்தின் விசேஷமாகும்.

இந்த மழையின் அருமையை முதலில் அறிந்தவர்கள் மலைவாசிகளே. பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் முதலிய ஊர்களில் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி விளைநிலமாக்கி வாழ்ந்த குடியானவர்கள், வானத்தின் போக்கைக் கொண்டே தம் வேலைகளை வகுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் தாண்டிக்குடி முதலிய கீழ்மலைப் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் பரவியபோது, கோடை மழையின் முக்கியத்துவம் பன்மடங்கு வளர்ந்தது. வறட்சியில் அடங்கிக் கிடக்கும் காப்பி மொட்டுகள் முதல் மழை நனைத்த எட்டுப் பத்து நாட்களில் ஒருசேர மலர்ந்து தோட்டத்தையே வெண்மையாக்கும். அதனால் அம்மழைக்குப் பூ மழை என்று பெயர். அது பெய்து, அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழையும் தொடர்ந்தால்தான் பூ காயாகி நிலைக்கும். ஆகவே அந்த வருஷத்தின் விளைச்சலும், அதை நம்பிய குடும்பங்களின் நல்வாழ்வும் பங்குனி, சித்திரையில் விழும் இரண்டொரு மழையைப் பொறுத்தனவாயிருந்தன.

வெளியிலிருந்து வந்தவர்கள் இம்மலையை நாடியது வேறொரு தேவையினால். 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி வெள்ளகவி என்னும் மலையூரில் தங்கி இம்மலையை அளந்தார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்களோ, வெப்பத்தாலும் நோயாலும் தம்மவர் மடிவதைக் கண்டு கலங்கி, முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தனர். உயரம் போதாத அவ்விடத்திலும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. பின்னர் மேலும் உயர்ந்த பழனி மலையில் ஏறி, 1845-இல் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடிபுகுந்தனர். 1863-இல் மதுரைக் கலெக்டர் வியர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். இவ்விதம் கோடைக்கு ஒதுங்கும் இடம் ஒரு தலைமுறைக்குள் ஊராயிற்று.

அடுத்து இம்மலையில் நிகழ்ந்த வானாராய்ச்சியே இச்சரித்திரத்தின் சிறந்த அத்தியாயம். அதற்கு வித்திட்டது ஒரு பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சோபலட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அப்போது உயிர்க்கேள்வியாக எழுந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதினர். சூரியனை இடைவிடாது ஆராய ஓர் உயர்ந்த இடத்தைத் தேடிய மிச்சி ஸ்மித் என்னும் வானியலறிஞர், கோடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் அங்கே வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்னும் வானியலறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான். சூரியனைப் படம்பிடித்த அதே மலையில் வெப்பமானியும் மழைமானியும் அன்றாடம் பார்க்கப்பட்டு, கணக்கேடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன.

பஞ்சத்தின் கொடுமையை முன்கூட்டி அறிய வேண்டும் என்ற வேட்கையில் தொடங்கிய பணியை நான் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன். சூரியப் புள்ளிகளைக் கொண்டு மழையை முன்னறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை கைகூடவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் விளைந்த கணக்கேடுகள் இன்று விலைமதிக்க முடியாத செல்வம். ஏனெனில் மலையின் முகம் மாறிவிட்டது. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களில் யூகலிப்டஸும் பிற வெளிநாட்டு மரங்களும் நடப்பட்டன, கட்டடங்கள் பெருகின. மாறிய மலையின் மேல் சித்திரை மேகம் முன்போல் திரள்கிறதா, பூ மழை நாள் தவறுகிறதா, பகல் வெப்பம் ஏறுகிறதா என்னும் வினாக்களுக்கு முதியவர்களின் ஞாபகம் ஓரளவே விடை தரும். நாள் தவறாமல் எழுதிய ஏடுதான் முழு விடை தர வல்லது. மலையூர்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியை வைத்து, மாணவர்களைக் கொண்டே அக்கணக்கை எழுதிவரச் செய்தால், கோடைச் சுகத்தைத் தேடி வருகிறவர்களுக்கும் அம்மலையிலேயே பயிரிட்டு வாழ்கிறவர்களுக்கும் அதைவிடப் பெரிய உபகாரம் வேறொன்றுமில்லை.