வங்காள நெசவாளரும் கும்பனியாரின் கொள்முதலும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் வரலாற்றைக் கற்போர் பிளாசிப் போரையும் பக்சார்ப் போரையும் விரிவாகக் கற்பர். அக்கும்பனி துணி வாங்கிய முறையைச் சில வரிகளோடு விட்டுவிடுவர். ஆயினும் சிறு தொழிலாளனும் நடுத்தர வணிகனும் நலிந்த கதை கொள்முதற் கணக்கிலேயே பெரிதும் புதைந்து கிடக்கின்றது.

1753ஆம் ஆண்டு வரை கும்பனியார் வங்காளத்து வணிகருக்கு முன்பணம் கொடுத்துத் துணியைப் பெற்றனர். 'தாதனி' எனப்பட்ட அப்பணத்தை வணிகர் தம் பொறுப்பிலே நெசவாளரிடஞ் சேர்ப்பித்தனர். குறையற்ற முறையன்று இது. தவணை தவறியோர் பலர், நிலுவையும் பெருகிற்று. எனினும், கும்பனியின் விலை போதாதெனின் நெசவாளன் ஒல்லாந்தரையோ பிரெஞ்சுக்காரரையோ நாடலாம். அவ்வாண்டிலே கும்பனியார் வணிகரை நீக்கிக் 'குமாஸ்தா' என்னும் தம் முகவரை ஊர்களுக்கு அனுப்பினர். இடையிலுள்ளோரின் இலாபம் தமக்கு மிஞ்சும் என்பது அவர்தம் எண்ணம்.

மிஞ்சியது யாருக்கு? கும்பனியின் இளநிலை எழுத்தர் பெற்ற சம்பளம் ஆண்டொன்றுக்கு 5 பவுண். அவர்களும் அவர்தம் மேலோரும் சொந்த வாணிகத்தாலேயே செல்வராயினர். அவ்வாணிகத்தை நடத்தியோரும் குமாஸ்தாக்களே. கும்பனிக்கும் அதன் உத்தியோகத்தருக்கும் ஒருங்கே வாங்கிய குமாஸ்தா தனக்கும் ஒரு பங்கு ஒதுக்காதிருப்பானா?

பிளாசிக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை வில்லியம் போல்ற்ஸ் என்பார் 1772இல் வெளியிட்ட நூல் விரித்துரைக்கின்றது. நெசவாளனின் சம்மதம் கேட்கப்படவில்லை. முன்பணத்தை மறுத்தவனின் அரைக்கச்சையிலே அது கட்டப்பட்டு, அவன் அடித்தனுப்பப்பட்டான். துணியின் தரங்காண்போர் குமாஸ்தாவுடன் கூடி இட்ட விலை, சந்தை விலையினும் 15 முதல் 40 வீதம் வரை குறைந்திருந்தது. போல்ற்ஸ் தாமும் தனி வாணிகத்தாற் பொருள் குவித்து, 1768இற் கும்பனியால் நாடுகடத்தப்பட்டவர். ஆதலின் அவர் சான்றைச் சற்று எச்சரிக்கையோடே கொள்ளல் வேண்டும். (ஆங்கிலேயர் நெசவாளரின் பெருவிரலைத் துணித்தனர் என்னும் வழக்கு அவர் நூலில் இல்லை, பட்டுநூல் சுற்றுவோர், அவ்வேலைக்கு வற்புறுத்தப்படுவதிலிருந்து தப்பத் தம் விரலைத் தாமே துணித்தனர் என்றே அவர் எழுதுகின்றார்.)

இங்கு நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. தரத்தைக் குறைத்துக் காட்டி எஞ்சிய பணத்தைப் பங்கிடும் முகவனுக்கு வேறொரு வாங்குவோன் ஊருள் வருதல் ஆகாது. வந்தால் உண்மை விலை வெளிப்படும். ஆகவே நெசவாளரின் பெயர்கள் ஏட்டிற் பதியப்பட்டன. பிறருக்கு நெய்தல் தடுக்கப்பட்டது. விலையிற் பட்ட நட்டத்தினும் இத்தடையே கொடிது.

நடுத்தர வணிகருக்கு நேர்ந்தது வேறு. 1717இற் பரூக்சியார் அளித்த ஆணையாற் கும்பனியின் சரக்குக்குச் சுங்கமில்லை. உத்தியோகத்தர் அச்சலுகைச் சீட்டைத் தம் சொந்தச் சரக்குக்கும் பயன்படுத்தினர். உள்ளூர் வணிகன் சுங்கஞ் செலுத்தி அவர்களோடு போட்டியிடல் எங்ஙனம்? நவாப் மிர்க் காசிம் 1762இல் முறையிட்டார், பயனில்லை. மறு ஆண்டிலே எல்லா வணிகருக்கும் உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கினார். தம் குடிகளைச் சமநிலையில் வைத்த அச்செயலைக் கல்கத்தாச் சபையார் பகைமையாகக் கொண்டனர். போர் மூண்டது, 1764இற் பக்சாரிலே அது முடிவுற்றது. சோழமண்டலக் கரையிலும் வணிகரை விலக்கி நெசவாளரை நேரே பிடிக்கக் கும்பனியார் முயன்றதை யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சி. அரசரத்தினம் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

1774இல் அமைந்த வாணிக சபையும் இதற்கு மாற்றாகவில்லை. சபையோடு தொடர்புடையோரே ஒப்பந்தங்களின் மறைவிலே நின்று கும்பனிக்குக் கூடிய விலையிற் சரக்களித்தனர். 1786இல் வந்த கோண்வாலிஸ் பிரபு அவர்களுட் சிலரை நீக்கினார். உத்தியோகத்தரின் ஊதியத்தை உயர்த்தினார். முன்பணத்தை மறுக்கும் உரிமையும் நெசவாளனுக்கு விதிகளிலே தரப்பட்டது. ஆயின் ஒருமுறை வாங்கியவன், ஒப்பிய துணியைக் கொடுத்துத் தீர்க்கும் வரை பிறருக்கு நெய்தலாகாது. முன்பணமின்றி நூல் வாங்க வகையற்ற நெசவாளனுக்கு அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றது.