மண்ணுக்கு வந்த சமாதானம்

போர் முடிந்ததென ஏட்டில் எழுதுதல் எளிது; மண் அதனை ஏற்க நெடுங்காலம் ஆகும். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாடு இதற்குச் சான்று பகரும்.

போர்த்துக்கீசியரை எதிர்த்து 1964-இல் மூண்ட விடுதலைப் போரிலும், 1977 முதல் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலும் அங்கே கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 1992-இல் ரோமாபுரியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. துப்பாக்கிகள் ஓய்ந்தன, கண்ணிவெடிகளோ ஓயவில்லை. வயலுக்குச் சென்ற உழவரும் தண்ணீருக்குச் சென்ற பெண்டிரும் காலிழந்தனர்.

அரசும் தொண்டு நிறுவனங்களும் அமர்த்திய பணியாளர்கள் நிலத்தைச் சாண் சாணாகத் துழாவினர். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய பேரெலிகளும் துணை நின்றன. அவற்றின் எடைக்குக் கண்ணிகள் வெடிப்பதில்லை. ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அகற்றிய பின்னர், 2015-இல்தான் நாடு அவற்றினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

வழியில் கிடக்கும் முள்ளை எடுத்தெறிவதை அறம் என்போம். காலடியில் காத்திருந்த மரணத்தை ஆண்டுக்கணக்கில் தேடியெடுத்தோரை என்னென்பது!