முதுகு உள்ள வாளும் முதுகு இல்லாத வாளும்
ரொறன்ரோவில் மேடை ஆயுதங்கள் செய்தல்: சில குறிப்புகள்

அரிச்சந்திரனின் வாள் யாரையும் வெட்டுவதில்லை. காசிமாநகரின் சுடலையைக் காவல் காக்கும் அவன், அரசகுமாரனைக் கொன்ற பழியோடு தன் முன்னால் நிறுத்தப்பட்ட மனைவி சந்திரமதியின் கழுத்துக்கு அதை ஓங்குவான். ஓங்கிய வாள் பூமாலையாகிவிடும். நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) நடித்த மயான காண்டத்தை ஊரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கணம் மறக்காது.

2017ஆம் ஆண்டு மாரிகாலத்தில், ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இக்காட்சியை மேடையேற்ற விரும்பிய நண்பர்கள், "வாளை நீங்கள் செய்து தாங்கோ அண்ணை" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் தச்சனுமல்லன், நடிகனுமல்லன். சிறுவயதில் வலிகாமத்தில் எங்கள் ஊர் அண்ணாவியாரின் முற்றத்தில் இருந்து, அவர் மரம் சீவுவதை வேடிக்கை பார்த்தவன், அவ்வளவுதான். அன்று தொடங்கி இன்றுவரை வாள், வில், கதாயுதம் என்று இருபதுக்கு மேல் செய்துவிட்டேன். அந்த அனுபவத்தில் அறிந்தவற்றை, இனிச் செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஊரில் செய்த முறை

எங்கள் அண்ணாவியார் வாளுக்குத் தேடியது முள்முருக்கு மரத்தை. யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலாக நிற்பதும் கலியாண வீட்டில் நடப்படுவதும் அதே மரம்தான். தமிழ்நாட்டில் இதன் பெயர் கல்யாண முருங்கை. அங்கே தெருக்கூத்துக் கலைஞர்களின் கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகிய 'கட்டை'களையும் இம்மரத்திலேயே கடைவார்கள். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கூத்துக்காரர் ஒரே மரத்தைத் தேடியதற்குக் காரணம் எளிது. அது காய்ந்தால் மிக இலேசானது, கத்திக்கு வளைந்து கொடுப்பது.

சீவிய வாளின்மேல் கோதுமைமாப் பசையால் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டப்படும். அதன்மேல் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயப்பேப்பர். பிடியில் உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டுகள். பகலில் பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். இரவில், பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில், ஆடுபவன் சுழலும்போது அந்தச் சில்லறைத் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும்.

பாரம் ஏன் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். விடியவிடிய ஆடப்படும் கூத்தில் அரசனாக வருபவன் ஆயுதத்தை ஏந்தியபடியே தாளக்கட்டுக்கு ஆடவும் பாடவும் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள வாளோடு பத்து நிமிடம் ஆடிப் பார்த்தால், அண்ணாவியார் ஏன் வேலிக் கதியாலைத் தேடினார் என்பது விளங்கும். வாள் இலேசாக இருக்கவேண்டும். அதைப் பாரமாகக் காட்டுவது ஆடுபவனின் தோளும் மணிக்கட்டும் செய்கிற வேலை.

முதுகு எப்போது வந்தது?

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் ஆடப்படுபவை. சுற்றிவரச் சனம் இருக்கும். ஆகவே அங்கே ஆயுதத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. எந்தப் பக்கமும் யாரோ ஒருவருக்கு முன்பக்கம்தான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' போன்றவற்றைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால் கூத்துக்கு நகரத்துப் பார்வையாளரும் புதிய மதிப்பும் கிடைத்தன. பார்வையாளர் ஒரே பக்கத்தில் அமர்ந்தபோது கூத்தின் ஆயுதத்துக்கும் ஒரு முதுகு முளைத்தது என்பது என் எண்ணம். மயான காண்டமோ கூத்து அன்று, இசைநாடகம். அது ஆரம்பத்திலிருந்தே திரையும் பக்கத்தட்டியும் உள்ள மேடைக்குரியது. அரிச்சந்திரனின் வாளுக்கு எப்போதும் முதுகு உண்டு. நான் செய்த வாளுக்கு அந்த முதுகுதான் முக்கியமாகப் போயிற்று.

டொலர் கடைச் சாமான்கள்

ரொறன்ரோவில் முள்முருக்கு வளராது. ஒன்ராறியோவின் தெற்கில் இயற்கையாக வளரும் பாஸ்வுட் மரம் இலேசானது, செதுக்குவதற்கு ஏற்றது. ஆனால் கையில் காசும் கத்திப் பழக்கமும் குறைந்த என்னைப் போன்றவர்களுக்கு டொலர் கடைதான் கதியால் வேலி. 1992இல் கியூபெக்கின் மட்டான் நகரில் முதற்கடையைத் திறந்த டொலராமா, 2009 பெப்ரவரி வரை எந்தப் பொருளையும் ஒரு டொலருக்கே விற்றது. 2022 முதல் ஐந்து டொலர் வரையான பொருள்களும் அங்கே உண்டு. ஆனாலும் ஒரு வாளுக்கு வேண்டிய சாமான்களை இன்றும் இருபது டொலருக்குள் வாங்கலாம்.

முதல் வாளை நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ரெஜிபோம் என்று சொல்வோமே, அந்த வெள்ளை நுரைப் பலகையில் வாளை வெட்டி, கராஜுக்குள் வைத்து வெள்ளி நிற ஸ்பிரே அடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாளின் அலகு கறையான் தின்ற ஓலைபோல் கிடந்தது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் ரெஜிபோமைக் கரைத்துவிடும். முதலில் வெள்ளைப் பசையையோ தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பூச்சையோ இரண்டு தடவை பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே ஸ்பிரே அடிக்கவேண்டும். மாரிகாலத்தில் கராஜுக்குள் வைத்து ஒட்டுவதும் வீண்வேலை. குளிரில் பசை பிடிக்காது. ஸ்பிரே மணத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் முடியாது. ஆகவே ஸ்பிரே வேலையைக் கோடையிலும் ஒட்டு வேலையை மாரியிலும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாள் சரியாக வந்தது. அதன் செய்முறை:

குழந்தைகள் விளையாடுவதற்காகத் தரையில் பொருத்தும் ஈ.வி.ஏ. நுரைப்பாயில், 34 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுமாக இரண்டு அலகுகளை வெட்டிக்கொள்ளவேண்டும். பாய் சிறிதாக இருந்தால் இரண்டு துண்டுகளைத் தொடுக்கலாம். ஆனால் இரு அலகிலும் தொடுப்பு ஒரே இடத்தில் வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓரங்குல அகலமான மெல்லிய மரச்சட்டத்தை, பிடிவரை நீளும்படி வைத்து ஒட்டவேண்டும். இது இல்லாவிட்டால் வாள் வாழையிலைபோல் தொங்கும். ஓரங்களைச் சரிவாகச் சீவி, சூடான காற்றைப் பிடித்தால் நுரையின் கண்கள் மூடி மேற்பரப்பு இறுகும். பிறகு பசை, வெள்ளிப் பூச்சு. பிடிக்குப் பழைய மிதிவண்டிக் கைப்பிடி. கைமறைப்புக்கு, கிறிஸ்மஸ் முடிந்தபின் மலிவாகக் கிடைக்கும் பொன்னிற அலங்காரப் பட்டை. எல்லாமாக 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

கதாயுதத்துக்கு நவம்பர் முதலாந் திகதி கடைக்குப் போகவேண்டும். ஹலோவீன் முடிந்த மறுநாள் பிளாஸ்ரிக் பூசணிக்காய் வாளிகள் பாதிவிலைக்கு வரும். இரண்டு வாளிகளை வாயோடு வாய் ஒட்டி, பத்திரிகைத் தாளைப் பசையில் தோய்த்து நாலு அடுக்குச் சுற்றி, பொன்னிறம் பூசினால் வீமனுக்குத் தண்டாயுதம் தயார். வில்லுக்கு அரை அங்குல பி.வி.சி. குழாய் போதும். நாணைத் தளர்வாகக் கட்டவேண்டும். கூத்தில் அம்பு வில்லைவிட்டுப் போவதில்லை; ஆட்டம்தான் போகிறது.

இப்படிச் சில்லறைச் சாமானில் ஆயுதம் செய்வது நம்மவர்களின் ஏழ்மை மட்டுமன்று. 1977இல் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவோக்கரின் ஒளிவாள் உலகறிந்தது. அதன் பிடி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் முன்னாளில் பயன்படுத்திய கிராஃப்லெக்ஸ் கமராவின் பிளாஷ் குழல். படத்தின் அரங்கப்பொருள் கலைஞர் ரோஜர் கிறிஸ்ரியன் அதை லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கண்டெடுத்து, சில பட்டிகளை ஒட்டி வாளாக்கினார். அப்படத்தின் கலை இயக்கத்துக்காக ஒஸ்கார் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

துவக்கு

வாளைப் பார்த்த ஓர் இளைஞர் பிறகு என்னிடம் வந்தார். போர்க்காலத்தைப் பற்றிய குறுநாடகம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். "அண்ணை, படத்தில வாற மாதிரி அச்சொட்டா ஒரு துவக்கு வேணும்" என்றார்.

நான் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று சட்டம். கனடியக் குற்றவியல் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, உண்மையான துவக்கை அச்சொட்டாகவோ ஏறத்தாழ அச்சொட்டாகவோ ஒத்திருக்கும் போலி, அது சுடாததாயினும், தடைசெய்யப்பட்ட சாதனம். 1998 டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. அந்நாளில் ஏற்கனவே வைத்திருந்தவர்கள் அதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். புதிதாகச் செய்யவோ இறக்குமதி செய்யவோ சாதாரண மனிதருக்கு அனுமதியில்லை. திரைப்படத் துறையினர் அதற்கென உரிமம் பெற்றவர்களிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். மரவாளும் முற்றாகத் தப்பியது என்று நினைக்கவேண்டாம். யாரையாவது பயமுறுத்தப் பயன்படுத்தினால், அதுவும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. ஆகவே நான் வாளை ரயிலில் கொண்டுபோகும்போது சேலையில் சுற்றி, பைக்குள் போட்டே கொண்டுபோகிறேன்.

இரண்டாவது காரணம் சட்டத்துக்கு முந்தியது. எண்பதுகளில் எங்கள் ஊர்ச் சிறுவர்கள் எல்லோரிடமும் பனைமட்டையில் வெட்டிய துவக்கு ஒன்று இருந்தது. என்னுடையதற்குக் கயிற்றில் தோள்வாரும் இருந்தது. ஒருநாள் ஆமி வருகிறது என்ற கதை ஒழுங்கையில் கேட்டதும் அம்மா ஓடிவந்து அதைப் பறித்து, முழங்காலில் வைத்து உடைத்து, அடுப்புக்குள் தள்ளினா. நான் அழுதேன். "மட்டை எண்டு உனக்குத் தெரியும். தூரத்தில நிக்கிறவனுக்குத் தெரியுமே?" என்று கேட்டா. மேடைப் பொருள் செய்பவன் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே என்று இப்போது நினைக்கிறேன். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு இது என்னவாகத் தெரியும்? தெருவில் நிற்கும் பொலிஸ்காரருக்கு என்னவாகத் தெரியும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் 'துவக்கு' என்று வருமானால் அதைச் செய்யக்கூடாது.

சட்டம் அஞ்சுவது அச்சொட்டான போலியை. கூத்து அந்தப் போலியை ஒருநாளும் விரும்பியதில்லை. கண்ணாடித் துண்டு ஒட்டிய வாளைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டு நம்புகிறார்கள். இதை அந்த இளைஞருக்குச் சொன்னேன். கடைசியில் அவருடைய நடிகர்கள் உடைந்த ஹொக்கி மட்டைகளைத் தோளில் சார்த்திக்கொண்டு நடந்தார்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் அது துவக்காகவே தெரிந்தது. எனக்கும்.

படம் பிடித்தல்

இப்பொருள்கள் நிலைப்பதில்லை. நாடகம் முடிந்தபின் அடுக்குமாடி வீடுகளில் இடமில்லாமல் குப்பைக்குப் போகின்றன. ஆகவே படம்தான் மிஞ்சும். சில குறிப்புகள்:

பிளாஷ் வேண்டாம். ஈயத்தாளில் அது ஒரே வெள்ளைப் புள்ளியாக எரிந்துவிடும். வெயில் நேரே விழாத, வடக்குப் பார்த்த யன்னலோரம் சிறந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை மட்டையை நிறுத்தினால் நிழல் தணியும். வெள்ளி வாளுக்குக் கறுப்புத் துணிப் பின்னணி. வெளியே பனியில் வைத்து எடுத்தால் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; வெளிச்ச அளவை ஒரு படி கூட்டவேண்டும்.

கண்ணாடித் துண்டுகளின் மின்னலை ஒரு நிலையான விளக்கில் பிடிக்க முடியாது. அறையை இருட்டாக்கி, கமராவை அசையாமல் நிறுத்தி, நீண்ட நேரத் திறப்பில், ஒரு மெழுகுதிரியை வாளின் முன்னால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பெற்றோமாக்ஸ் கால வாள் ஓரளவு திரும்பி வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: அளவுநாடாவை அருகில் வைத்து, முன், பின், பக்கம், பிடியின் அடி, ஒட்டிய இடம் எல்லாவற்றையும் எடுங்கள்.

நான் செய்த அரிச்சந்திரன் வாளின் பின்னலகில், நீளவாக்கில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தேன். அதற்குள் ரிசுப்பேப்பரில் செய்த பூமாலை தட்டையாக மடிந்திருந்தது. வெள்ளித் துணிப்பட்டி ஒன்று அதை மூடியிருந்தது. பெருவிரலால் வளையத்தை இழுத்தால் பட்டி கழன்று மாலை விழும். ஒத்திகையில் ஏழு தடவை சிக்கியது. மேடையில் சிக்கவில்லை. வாள் ஓங்கியபோது முன்வரிசையில் இருந்த வயோதிப மாது ஒருவர் தன் கழுத்தைத் தானே தொட்டுக்கொண்டதை நான் பக்கத்தட்டியின் பின்னாலிருந்து பார்த்தேன். மாலை சந்திரமதியின் தோளில் விழுந்தது.

நிகழ்ச்சிக்குப் பிறகு எல்லோரும் கேட்டு வாங்கியது வாளின் முன்பக்கப் படத்தை. பளபளப்பாக, அழகாக இருந்தது. பின்பக்கப் படத்தில் பசை வழிந்திருக்கிறது, நூல் தொங்குகிறது, பென்சில் கோடுகூட அழியவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. சென்ற வருடம் வேறொரு நகரத்திலிருந்து, மயான காண்டம் போடப்போகும் ஒருவர் தொடர்புகொண்டு, "மாலை எப்படி விழுந்தது?" என்று கேட்டார். அவருக்கு நான் அனுப்பியது பின்பக்கப் படத்தைத்தான். எங்கள் அண்ணாவியாரின் வாள்களுக்கு எந்தப் பக்கத்துப் படமும் இல்லை.