அப்பா வேடத்தில் ஒரு சகாப்தம்



இன்றைய அரங்கில் நான் பேச எடுத்துக்கொண்டவர் கதாநாயகன் அல்லர். கதாநாயகனுக்கு அப்பாவாகவும் சமையல்காரராகவும் வந்து மனத்தில் நின்றவர். அவர்தான் டெல்லி கணேஷ்.

தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் 1944இல் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா மேடையில் நடித்தார். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு மேடை. கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' 1977இல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 'டெல்லி' என்ற அடைமொழி தந்தவரும் பாலசந்தர்தான்.

1979இல் 'பசி' படத்தில் சேரி வீட்டின் ரிக்‌ஷாக்காரத் தந்தை. தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 'சிந்து பைரவி'யில் குடிக்கு அடிமையான மிருதங்க வித்வான். 'நாயகன்' படத்தில் நாயகருக்கு நிழலாக நிற்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன். அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் பாலக்காட்டுச் சமையல்காரர்! ஒரே முகம்தான், ஆனால் ஒவ்வொரு படத்திலும் வேறு மனிதர். 'மர்மதேசம்' தொடரில் சின்னத்திரையிலும் நடித்தார். நானூறு படங்களுக்கு மேல் நடித்து, 2024 நவம்பர் 9இல் காலமானார்.

அவர் கதை நம் நெகிரி செம்பிலானுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களிலும் மேடைகள் இருந்தன. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, பால்மரம் வெட்டிய கைகள்தான் கோயில் திருவிழா இரவில் அரிதாரம் பூசின. ராஜபார்ட் வேடக்காரரை ஊரே கொண்டாடியது. அப்பாவாக, கங்காணியாக, கோமாளியாக வந்து நாடகத்தைத் தாங்கியவரோ மறுநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய்விட்டார். டெல்லி கணேஷைப் போலவே அவருக்கும் பகலில் வேலை, இரவில் மேடை. கணேஷைக் காண ஒரு பாலசந்தர் இருந்தார். இவரைக் கண்டவர் யார்?

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயன் வீடுகள் போயின, மேடைகளும் போயின. தோட்ட வாழ்வைச் சொன்ன 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தைச் சொன்ன 'ஜகாட்' 2015இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. திரை நம்மைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனால், அந்தப் பழைய மேடைக்காரர்களின் பெயர்கள்?

ஆகவே, ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் இன்றே கேளுங்கள். உங்கள் தோட்டத்து நாடகத்தில் அப்பா வேடம் போட்டவர் யார்? பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.