நெருப்பில் வைத்த பீச்: பழம் ஆருடையது?

கோடை வந்தால் ஐரோப்பிய, அமெரிக்கச் சமையல் பக்கங்களில் ஒரு சாப்பாடு தவறாமல் தலைகாட்டும். பீச் பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, வெட்டின பக்கம் கீழே இருக்க நெருப்புத் தட்டில் வைப்பார்கள். மூன்று நாலு நிமிடத்தில் பழத்தின் சீனி கருகிக் கோடு கோடாகப் படியும். பக்கத்தில் ஹலூமி சீஸ் துண்டுகளும் பொன்னிறமாகும். மேலே ரெண்டு புதினா இலை. சாப்பாட்டுக்கு முன்னும் வைக்கலாம், கடைசியில் இனிப்பாகவும் வைக்கலாம். பத்து நிமிட வேலை, அவ்வளவுதான்.

எங்களில் பலருக்கு பீச் என்றால் பாணியில் ஊறி ரின்னில் வாற மஞ்சள் துண்டுதான். மரத்தில் தொங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் உள்ளே கல் மாதிரிக் கொட்டை, சுற்றிச் சாறு நிறைந்த சதை என்ற அமைப்பு எங்களுக்குப் புதிசில்லை. தாவரவியல் கணக்கில் மாம்பழமும் அந்த இனம், பனம்பழமும் அந்த இனம். அப்படியான பழமொன்றை நெருப்பில் சுட்டுச் சாப்பிடலாம் என்று யாழ்ப்பாணத்து அம்மம்மாமாருக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்தத் தட்டில் இருக்கிற பழத்தையும் சீஸையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பம். ‘முதல் வந்தது ஆர், இது ஆருடைய மண்’ என்ற கேள்விகளைக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். அதே கேள்வியை ஒரு பழத்திடமும் ஒரு சீஸிடமும் கேட்டால் என்ன பதில் வரும்?

பிறந்த இடம் ஒன்று, பெயர் இன்னொன்று

உரோமர்கள் பீச்சைப் ‘பாரசீக அப்பிள்’ என்று அழைத்தார்கள். பழம் அவர்களிடம் வந்து சேர்ந்தது பாரசீகப் பக்கத்தால். அந்தப் ‘பெர்சிகா’தான் பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்தில் ‘பீச்’ ஆனது. 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டியபோதும் அதே பாரசீகத்தையே ஒட்டிவிட்டார். இன்றைக்கும் அதன் அறிவியல் பெயர் புரூனஸ் பெர்சிகா.

ஆனால் பீச் பாரசீகத்துப் பழமில்லை. அதை முதலில் வளர்த்தெடுத்தவர்கள் சீனர்கள். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், செஜியாங் மாகாணத்து அகழ்வுகளில் கிடைத்த பீச் கொட்டைகளில் பழையவை ஏறக்குறைய 8000 ஆண்டுகள் முந்தியவை. சின்னக் காட்டுப்பழத்தில் நல்லதைத் தெரிந்து, நட்டு, திரும்பவும் தெரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைப் பெருப்பித்தவர்கள் அங்கத்தைய விவசாயிகள். பாரசீகம் அந்தப் பயணத்தில் ஒரு தங்குமடம்.

தெற்கில் இதே பழத்துக்கு வேறு பெயர் கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், வடமேற்கில் சீனபுக்தி என்ற இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கனிஷ்கர் காலத்தில் பணயமாகப் பிடித்து வைக்கப்பட்ட சீனர்கள் அங்கு தங்கினார்களாம். பீச்சும் பேரிக்காயும் அவர்களோடு வந்தவையாம். அதனால் அங்குள்ளவர்கள் பீச்சைச் ‘சீனானி’ என்று அழைத்தார்கள் என்கிறார். ஒரே பழம், ஒருத்தருக்குப் பாரசீகம், இன்னொருத்தருக்குச் சீனம். எந்த வாசலால் உள்ளே வந்ததோ அந்த வாசலின் பெயர்.

பீச்சின் ஒன்றுவிட்ட தங்கை அப்ரிகொட்டின் கதை இன்னும் பகிடி. ‘முந்திப் பழுப்பது’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல் கிரேக்கத்துக்குப் போனது. அங்கிருந்து அரபுக்குப் போய் ‘அல்-பர்கூக்’ ஆனது. அரபியர் அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோக ‘அல்பரிகோக்கே’ ஆனது. கடைசியில் ஆங்கிலத்தில் அப்ரிகொட். இத்தாலியில் புறப்பட்ட சொல், மத்தியதரைக் கடலை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியிருக்கிறது. அரபுலகில் இன்றும் இந்தக் குழப்பம் உண்டு. எகிப்தில் ‘கோக்’ என்று கேட்டால் பீச் தருவார்கள். சிரியாவில் அதே சொல்லுக்குப் பிளம்ஸ் தருவார்கள்.

பழத்தோடு சீஸ்

பழத்தையும் சீஸையும் சேர்த்து உண்பது புது யோசனை இல்லை. இடைக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் உணவைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்று பிரித்தார்கள். எங்கட வீடுகளில் ‘அது சூடு, இது குளிர்’ என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அவர்கள் கணக்கில் பீச் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த ஆபத்தான பழம். சீஸ் சாப்பாட்டின் முடிவில் வயிற்றை ‘மூடும்’ பொருள். இனிப்பு நேரத்தில் பழமும் சீஸும் ஒரே மேசைக்கு வந்ததற்கு இந்த வைத்தியமும் ஒரு காரணம்.

அந்த மேசையில் வர்க்கமும் இருந்தது. இத்தாலியில் பழைய பழமொழி ஒன்று உண்டு: சீஸை பேரிக்காயோடு தின்றால் எவ்வளவு ருசி என்பதைக் கமக்காரனுக்குத் தெரியவிடாதே என்பது அதன் பொருள். உணவு வரலாற்றாசிரியர் மசிமோ மொந்தனாரி இந்த ஒற்றைப் பழமொழியை வைத்து ஒரு நூலே எழுதினார். சீஸ் இடையனின் சாப்பாடு. கெதியில் பழுதாகும் நல்ல பழம் பிரபுவின் ஆடம்பரம். ரெண்டும் சேர்ந்தபோது அந்த ருசி மேல்தட்டுக்கு மட்டும் உரிய ‘இரகசியம்’ ஆக்கப்பட்டது. இதில் கசப்பான பகிடி என்னவென்றால், பால் கறந்தவனும் மரத்துக்குத் தண்ணி ஊற்றினவனும் அந்தக் கமக்காரன்தான்.

சமையல் நெருப்பும் படையின் நெருப்பும்

சுட்ட பீச் இன்று அமெரிக்கக் கோடையின் அடையாளம் மாதிரி. ஜோர்ஜியா மாநிலத்தின் வாகன இலக்கத்தகட்டிலும் பீச் படம் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் பீச்சின் வரலாறு இன்னொரு நெருப்பின் ஊடாகவும் போகிறது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பீச்சை அங்கு கொண்டுவந்தார்கள். கண்டத்துக்குள் அதைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிகள். 2024இல் வெளிவந்த தொல்லியல் ஆய்வொன்றும் இதையே உறுதிப்படுத்துகிறது. அவர்கள் ஏற்கெனவே நிலத்தைத் துப்புரவாக்கி, மரங்களைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள். கொட்டை கைமாறிக் கைமாறிப் போனது, ஐரோப்பியக் குடியேறிகளை விட வேகமாக. 1683இல் பென்சில்வேனியாவைப் பற்றி எழுதிய வில்லியம் பென், பூர்வகுடிகளின் தோட்டம் எதிலும் பீச் இல்லாமல் இல்லை என்ற கருத்துப்பட எழுதினார். பின்னால் வந்த வெள்ளையர் சிலர் அது அந்த மண்ணின் சொந்தப் பழம் என்றே நம்பினார்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவே, 1779இல், ஜோர்ஜ் வொஷிங்டனின் கட்டளைப்படி ஜெனரல் சலிவனின் படை இரோகுவாய் மக்களின் நாட்டுக்குள் நுழைந்தது. ஏறக்குறைய 40 ஊர்கள் எரிக்கப்பட்டன. சோளம் எரிந்தது, பழமரங்கள் தறிக்கப்பட்டன. கயூகா ஏரிக்கரையில் பீச் தோட்டங்களுக்குப் பேர்போன ஊரொன்றில் மட்டும் ஏறத்தாழ 1500 பீச் மரங்கள் விழுந்தன. வொஷிங்டனுக்கு இரோகுவாய் மொழியில் ‘ஊரழிப்பவன்’ என்ற பெயர் நிலைத்தது.

அரிசோனாவில் கன்யன் டி ஷே என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. தங்களை டினே என்று அழைக்கும் நவாஹோ மக்கள் அதன் அடியில் பீச் வளர்த்தார்கள். பழத்தைப் பிளந்து பாறையில் காயவைத்து மாரிக்கு வைத்திருப்பார்கள். எங்கட பனாட்டு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கோ. 1864 தொடக்கத்தில் கிட் கார்சனின் படை அங்கே புகுந்தது. மக்களைப் பட்டினியால் பணியவைப்பதுதான் திட்டம். அந்தக் கோடையில் இன்னொரு பிரிவு திரும்பிவந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டியது. டினே மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடத்தப்பட்டு, நியூ மெக்சிகோவின் பொஸ்க் ரெடொண்டோ என்ற முகாமில் அடைக்கப்பட்டார்கள். பலர் வழியிலும் முகாமிலும் செத்தார்கள்.

படைக்கு மரத்தோடு என்ன பகை? சோளத்தை எரித்தால் ஒரு வருடப் பசி. மரத்தைத் தறித்தால் திரும்பிவந்து இருக்கலாம் என்ற நினைப்பையே தறிக்கலாம். தலை இழந்து நின்ற பனைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1868இல் டினே மக்கள் ஒப்பந்தம் ஒன்றோடு ஊர் திரும்பினார்கள். திரும்பவும் பீச் வளர்த்தார்கள். இன்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டினே, ஹோப்பி முதியவர்களோடு சேர்ந்து அந்தப் பழைய பீச் வகைகளைத் தேடி வளர்க்கிறார்கள்.

ஜோர்ஜியாவின் பெருமை இந்த அழிவுகளுக்குப் பிறகு வந்தது. 1870களில் சாமுவேல் ரம்ப் என்ற விவசாயி எல்பெர்ட்டா என்ற பீச் வகையை உருவாக்கினார். அது ரெயிலில் தூரம் போனாலும் நசியாத பழம். மரத்தில் ஏறிப் பறித்தவர்களில் பெரும்பாலானோர் கூலிக்கு நின்ற கறுப்பினத்தவர். எல்பெர்ட்டாவின் தாய் மரமோ சீனாவிலிருந்து நேரே கொண்டுவரப்பட்ட வகை. ‘ஜோர்ஜியா பீச்’ என்று பெயர் மாறின பிறகும் பழத்துக்குள் இருந்தது சீனாதான்.

ஒரு சீஸ், ரெண்டு பெயர்

இனித் தட்டின் மற்றப் பக்கம் வருவம். ஹலூமி சைப்பிரஸ் தீவின் சீஸ். பாரம்பரியமாகச் செம்மறிப் பாலிலும் ஆட்டுப் பாலிலும் செய்வார்கள். பால் திரைந்த பிறகு கட்டியை அழுத்தி எடுத்து, மிஞ்சின தண்ணியைக் கொதிநிலைக்குக் கிட்டச் சூடாக்கி, அதற்குள் கட்டியைத் திரும்ப வேகவைப்பார்கள். பிறகு உப்பும் புதினாவும் போட்டு மடிப்பார்கள். புளிக்க விடாமல் இப்படி வேகவைப்பதால்தான் நெருப்பில் வைத்தாலும் உருகி ஓடாமல் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஆட்சிக்கால எழுத்துகளிலேயே இதன் பெயர் வருகிறது. எகிப்திலும் ‘ஹலூம்’ என்று ஒரு சீஸ் உண்டு. பெயரின் வேர் அந்தப் பக்கமாக இருக்கக்கூடும்.

கிரேக்கச் சைப்பிரியர் இதை ஹலூமி என்பார்கள், துருக்கியச் சைப்பிரியர் ஹெலிம் என்பார்கள். கோடை மத்தியானத்தில் இரு பகுதியினரும் இதை வத்தகப்பழத்தோடு சாப்பிடுவார்கள். வத்தகப்பழத்துக்கு ஒருவர் கர்ப்பூஸி என்பார், மற்றவர் கர்ப்பூஸ் என்பார். பழத்தின் பெயரில்கூட ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

1974இல், கிரேக்க இராணுவ ஆட்சியின் ஆதரவோடு நடந்த சதிப்புரட்சியையும் அதைத் தொடர்ந்த துருக்கியப் படையெடுப்பையும் அடுத்து, தீவு இரண்டாகப் பிளந்தது. கிரேக்கச் சைப்பிரியர் தெற்குக்கும் துருக்கியச் சைப்பிரியர் வடக்குக்கும் இடம்பெயர்ந்தார்கள். நடுவில் ஏறக்குறைய 180 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐ.நா. காவல் காக்கும் வெற்றுநிலம். 2003 வரை சாதாரண மக்கள் அதைக் கடப்பது மிகக் கடினம். அத்தனை காலமும் கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே கொதிநீரில் ஒரே சீஸ் வெந்துகொண்டிருந்தது.

2014இல் இந்தப் பெயரைச் சட்டப்படி பாதுகாக்கும்படி சைப்பிரஸ் அரசு ஐரோப்பிய ஒன்றியத்திடம் விண்ணப்பித்தது. அப்போது கேள்வி எழுந்தது: உரிமை தெற்குக்கு மட்டும் போனால் வடக்கில் செய்கிறவர்களின் பிழைப்பு என்ன? ஏழு வருட இழுபறிக்குப் பிறகு, 2021 ஏப்ரலில், ஹலூமி, ஹெலிம் என்ற இரு பெயர்களும் ஒன்றாகப் பதிவாகின. முழுத்தீவிலும் செய்யப்படுவதற்கு அந்த உரிமை உண்டு. நடைமுறையில் பரிசோதனை, கோட்டைக் கடந்து ஏற்றுமதி என்று சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன. சமாதானம் வந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ‘முதலில் செய்தது ஆர்’ என்ற வாதத்தில் ஒருத்தர் வெல்லாமலே ரெண்டு பேரும் ஒரே பத்திரத்தில் இடம்பிடித்தார்கள். இன்னொரு விஷயம்: அந்தத் தீவின் வீடுகளில் சமைத்துக்கொண்டிருக்கிற இலங்கைப் பெண்களும் இருக்கிறார்கள். ஹலூமி வாட்டுகிற அவர்களின் கை எந்தப் பத்திரத்திலும் இல்லை.

அப்ப, ஆருடையது?

பீச்சிடம் கேட்டோம், சீஸிடம் கேட்டோம். ‘முதல் ஆர்’ என்ற கேள்விக்குச் சில வேளை நேரான பதில் கிடைக்கிறது: பீச் சீனாவில் பிறந்தது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கயூகா மக்களிடமோ டினே மக்களிடமோ ‘இது உங்கட பழமில்லை’ என்று சொல்ல முடியுமா? கொட்டையை நட்டு, பழத்தைக் காயவைத்து, மரத்தை இழந்து, திரும்பி வந்து மறுபடி நட்டவர்களுக்கும் அது சொந்தம்தான். பிறப்பிடம் ஒரு தகவல். அதை உரிமைப் பத்திரமாக நீட்டுபவர்கள், நடுவில் அதைக் காப்பாற்றின எல்லாக் கைகளையும் அழித்துவிடுகிறார்கள். எங்கட தீவில் கொத்துரொட்டியில் இருந்து கோயில் குளம் வரைக்கும் நடக்கிற ‘இது எங்கட, அது உங்கட’ சண்டைகளிலும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்: இதை இவ்வளவு நாளும் வைத்துப் பார்த்தவர்கள் ஆர்?

செய்து பார்க்க விரும்பினால் பீச்சுக்கு அலையத் தேவையில்லை. நல்லாப் பழுக்காத, கொஞ்சம் இறுக்கமான கறுத்தக்கொழும்பான் போதும். தடிப்பான துண்டாய் வெட்டி, எண்ணெய் தடவி, சூடான தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் வையுங்கோ. கிண்டாமல் விட்டால்தான் நிறம் பிடிக்கும். ஹலூமி கிடைக்காவிட்டால் பனீர் துண்டுகளை உப்புத் தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, ஈரம் துடைத்து வாட்டுங்கோ, அதுவும் உருகாது. தேசிக்காய்ப் புளி, புதினா, கொஞ்சம் மிளகு. சூடாய் இருக்கும்போதே பங்கு போட்டுச் சாப்பிடுங்கோ.